அரிய ஆங்கிலச் சொற்களைத் தேடிச் சேர்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“உங்களுக்குத் தெரியாத 50 அழகான ஆங்கிலச் சொற்கள்” போன்ற பட்டியல்களைப் பார்த்துக் குறித்துக்கொள்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சொல் கையில் இருக்கும், ஒரு வரிப் பொருளும் இருக்கும். அந்தச் சொல்லை யாராவது எங்காவது உண்மையிலேயே எழுதியிருக்கிறார்களா, இன்றைக்குச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் புரியுமா, எப்படி உச்சரிப்பது என்று கேட்டால் பதில் இருக்காது. சில மாதங்களில் பாதி மறந்துபோகும். மீதியில் பல, பொருளே தவறு என்று பின்னால் தெரியவரும்.

தினமும் 20 நிமிடம் ஒதுக்கினால் போதும், இந்தச் சிக்கல் எதுவும் இல்லாமல் சொற்களைச் சேர்க்கலாம். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக 6ஆம் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. எதற்காகச் சேர்க்கிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் தொடங்கினால் எந்த அகராதியை நம்புவது என்பதே குழப்பமாகிவிடும்.

பழைய நாவல்களைப் படிக்க என்றால், வழக்கொழிந்த சொற்களும் உங்களுக்கு வேண்டும். எழுதுவதற்கு என்றால், இன்று உயிரோடு இருக்கும் அரிய சொற்கள் மட்டும் போதும். ஜிஆர்இ போன்ற தேர்வுக்கு என்றால், விசித்திரமான சொற்களை விட்டுவிட்டுக் கட்டுரைகளிலும் ஆய்வுகளிலும் வரும் நடுத்தர அரிய சொற்களைப் பிடியுங்கள். ஸ்கிராபிள் ஆட என்றால் பொருளைவிட அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல்தான் முக்கியம். வட அமெரிக்காவில் ஒரு பட்டியல், உலகின் பெரும்பாலான பிற இடங்களில் காலின்ஸ் பட்டியல். ஒன்றில் செல்லும் சொல் மற்றொன்றில் செல்லாமல் போகலாம். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் எழுத்துக்கூட்டல் போட்டிக்கு மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் அன்அபிரிஜ்ட் (சுருக்கப்படாத) அகராதிதான் ஆதாரம்.

2. தேவையான கருவிகளும் செலவும்

முதல் ஆறு மாதத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இலவசமாகக் கிடைப்பவையே போதும்:

- மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதி. பொருள், ஒலிப்பதிவு, சொல் முதலில் பதிவான ஆண்டு மூன்றும் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.
- ஆங்கில விக்சனரி. வழக்கொழிந்தது, வட்டார வழக்கு என்ற குறிப்புகளும் பல சொற்களுக்கு மேற்கோள் வாக்கியங்களும் இருக்கும்.
- எட்டிமான்லைன். சொல்லின் வேரைப் பார்க்க.
- ஒன்லுக். பொருளைக் கொடுத்துச் சொல்லைத் தேட.
- கூகுள் புக்ஸும், ஒரு சொல் நூல்களில் எந்த ஆண்டில் எவ்வளவு வந்தது என்று வரைபடமாகக் காட்டும் அதன் என்கிராம் வியூவரும். சொல் புழங்கியதா என்று சோதிக்க.
- புராஜெக்ட் குட்டன்பர்க். காப்புரிமை முடிந்த பழைய நூல்களை முழுதாக இறக்கிக்கொள்ள.

ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் முழுப் பதிப்புக்குச் சந்தா உண்டு. அச்சில் அதன் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. நீங்களே சந்தா கட்டுவதற்கு முன், உங்கள் பல்கலைக்கழகமோ பொது நூலகமோ அதற்கு அனுமதி வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். பல நூலகங்களில் உறுப்பினர் எண்ணைக் கொடுத்தாலே வீட்டிலிருந்து பார்க்க முடியும்.

நினைவில் நிறுத்த, சொல் அட்டைகளை நாள் இடைவெளி விட்டுத் திருப்பிக் காட்டும் ஆன்கி செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்ட வேண்டும். கைபேசியே வேண்டாம் என்றால் கெட்டியான அட்டைக் கட்டும் ஐந்து அறை கொண்ட பெட்டியும் போதும்.

3. சொற்கள் எங்கே கிடைக்கும்?

பட்டியல்களிலிருந்து தொடங்காதீர்கள். பட்டியலில் வாக்கியம் இருக்காது, வாக்கியம் இல்லாத சொல் மனதில் நிற்காது. நல்ல ஊற்றுகள் வேறு.

முதலாவது, பழைய நூல்கள். 19ஆம் நூற்றாண்டுக் கடல் நாவல் ஒன்றைக் குட்டன்பர்க்கிலிருந்து இறக்கி ஒரு அத்தியாயம் படித்தாலே பை நிறையும். கிண்டிலில் படித்தால் நீங்கள் தொட்டுப் பொருள் பார்த்த சொற்களை அதுவே ‘வொக்காபுலரி பில்டர்’ என்ற பகுதியில், வந்த வாக்கியத்தோடு சேமித்து வைக்கும். வாரத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பொறுக்கி எடுங்கள்.

இரண்டாவது, துறைச் சொற்கள். அரிய சொற்களில் மிகவும் பயனுள்ளவை இவைதான், ஏனென்றால் கண்ணுக்கு எதிரே உள்ள பொருளுக்குப் பெயர் தருகின்றன. காலணிக் கயிற்றின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் அல்லது உலோகக் கூடு அக்லெட். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் ஃபில்ட்ரம். புருவங்களுக்கு இடைப்பட்ட இடம் கிளபெல்லா. நகத்தின் அடியில் தெரியும் வெள்ளைப் பிறை லூனுலா. உடற்கூறு, கட்டடக்கலை, கப்பல், தாவரவியல் என்று ஏதேனும் ஒரு துறையின் சொற்கோவையை எடுத்து ஒரு மாதம் அதிலேயே இருங்கள். துறைவிட்டுத் துறை தாவினால் எதுவும் ஒட்டாது.

மூன்றாவது, தலைகீழ் அகராதி. ஒன்லுக்கில் ‘தூக்கத்தில் நடப்பது’ என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் பொருந்தக்கூடிய சொற்களை வரிசையாகக் கொடுக்கும். தொடக்க எழுத்துகள் மட்டும் தெரிந்தால் அவற்றுக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம். ஒரே ஒரு எழுத்து தெரியாவிட்டால் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

நான்காவது, மெரியம்-வெப்ஸ்டரின் ‘டைம் டிராவலர்’ பக்கம். ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டில் முதலில் பதிவான சொற்கள் வரும்.

4. அகராதியைத் திறப்பதற்கு முன் ஊகியுங்கள்

சொல் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, பக்கத்தில் உங்கள் ஊகத்தைத் தமிழில் எழுதுங்கள். அரை நிமிட வேலைதான். ஊகம் தவறினால் இன்னும் நல்லது, அந்தச் சொல் மறக்காது.

சில சொற்கள் ஊகத்தை வேண்டுமென்றே வழிதவறச் செய்வதுபோல் இருக்கும். நாய்சம் என்றால் சத்தமானது அல்ல, துர்நாற்றம் வீசுவது. எனர்வேட் என்றால் சக்தி கொடுப்பது அல்ல, சக்தியை உறிஞ்சிவிடுவது. மெரட்ரிஷஸ் தகுதியைக் குறிப்பதல்ல, மேல்பூச்சில் மட்டும் பளபளப்பது. பல்கிரிட்யூட் காதுக்கு நோயின் பெயர்போல ஒலிக்கும், பொருளோ அழகு. ரெஸ்டிவ் ஓய்வாக இருப்பவரைச் சொல்வதில்லை, அடங்காமல் முரண்டு பிடிப்பவரைச் சொல்லும். இவற்றைத் தனிப் பக்கத்தில் சேருங்கள். தேர்வுகளில் அடிக்கடி வருபவையும் இவைதான்.

5. பதிவை முழுதாகப் படியுங்கள்

முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடுவதுதான் பரவலான தவறு. மெரியம்-வெப்ஸ்டரின் கல்லூரி அகராதி பொருள்களைக் கால வரிசையில் அடுக்குகிறது, பழையது முதலில் வரும். எனவே 1 என்று எண்ணிட்டது இன்று அதிகம் புழங்கும் பொருளாக இருக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் இக்கால ஒற்றைத் தொகுதி அகராதிகள் நேர்மாறாக, இன்றைய மையப் பொருளை முன்னால் வைக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் 20 தொகுதிப் பெரிய அகராதியோ மறுபடியும் கால வரிசைதான். எந்த அகராதியில் இருக்கிறீர்கள் என்று தெரியாமல் எண்ணை நம்பாதீர்கள்.

அடுத்தது குறிப்புச் சொற்கள். ‘அப்சலீட்’ என்றால் வழக்கொழிந்தது. மெரியம்-வெப்ஸ்டர் இதற்குத் துல்லியமான எல்லை வைத்திருக்கிறது: 1755க்குப் பிறகு அந்தச் சொல் அல்லது பொருள் புழங்கியதற்குச் சான்று இல்லை. சாமுவேல் ஜான்சன் தொகுத்த புகழ்பெற்ற ஆங்கில அகராதி வெளிவந்த ஆண்டு அது. ‘ஆர்க்கேயிக்’ என்றால் முன்பு பரவலாக இருந்து இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும் வருவது. ‘நான்ஸ் வேர்ட்’ என்றால் ஒரே ஒரு சந்தர்ப்பத்துக்காக யாரோ உண்டாக்கியது. பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் குத்துவாள் வடிவக் குறி இருக்கும். சொற்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதை அது 8 படிகளாகவும் பிரித்திருக்கிறது. 1 மிக அரிது, 8 மிகச் சாதாரணம்.

‘நாளை மறுநாள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஓவர்மாரோ என்ற ஒரே சொல் இருப்பதைப் பார்த்ததும் தமிழர் பலருக்கும் உற்சாகம் வரும். அந்தச் சொல் வழக்கொழிந்து பல நூற்றாண்டாகிறது. அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் பெறுபவருக்குப் புரியாது. சொல்லைச் சேருங்கள், குறிப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

6. சொல் உண்மையிலேயே புழங்கியதா என்று சோதியுங்கள்

இந்த வேலையின் இதயம் இதுதான். அகராதியில் இருப்பதாலேயே ஒரு சொல் மொழியில் இருந்ததாக ஆகிவிடாது.

1934இல் வந்த வெப்ஸ்டரின் பேரகராதி இரண்டாம் பதிப்பில் ‘டார்ட்’ என்று ஒரு சொல், அடர்த்தி என்ற பொருளோடு அச்சானது. அப்படி ஒரு சொல்லே கிடையாது. பெரிய எழுத்து ‘டி’ அல்லது சிறிய எழுத்து ‘டி’ என்பது அடர்த்தியின் சுருக்கக் குறி என்று எழுதிய துண்டுச்சீட்டில், நடுவில் இருந்த ‘ஆர்’ என்ற ஆங்கில இணைப்புச் சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். வேர் எதுவும் தரப்படாததைக் கவனித்து 1939இல்தான் கண்டுபிடித்தார்கள். இன்னொரு பக்கம், நியூ ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்கன் அகராதி 2001இல் ‘எஸ்க்விவேலியன்ஸ்’ என்ற பொய்ச் சொல்லை வேண்டுமென்றே நுழைத்தது, பிறர் காப்பியடித்தால் பிடிப்பதற்காக. 2005இல் அது வெளியில் தெரிந்தது.

பெரிய அகராதிகளிலேயே இப்படி என்றால், யார் எழுதியது என்றே தெரியாத பட்டியல்களைச் சொல்ல வேண்டியதில்லை. சோதிக்கும் முறை இது, ஒரு சொல்லுக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் ஆகும்:

அ. ஒன்றையொன்று சாராத இரண்டு அகராதிகளில் பாருங்கள். பத்துத் தளங்களில் ஒரே வாக்கியம் அச்சு மாறாமல் இருந்தால் அது பத்துச் சான்று அல்ல, ஒரே சான்று.

ஆ. கூகுள் புக்ஸில் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அகராதிகளும் பட்டியல் நூல்களும் வந்து குவிந்தால், ‘அகராதி’, ‘அரிய சொற்கள்’ ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு மறுபடி தேடுங்கள்.

இ. கிடைத்த ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: எழுத்தாளர் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரா, அல்லது ‘இப்படி ஒரு சொல் இருக்கிறது’ என்று காட்டுகிறாரா? காட்டுவது சான்றாகாது. ஆங்கில விக்சனரி ஆங்கிலச் சொற்களுக்கு வைத்திருக்கும் விதி நமக்கும் நல்ல அளவுகோல்: ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில், தொடர்பில்லாத மூன்று இடங்களில் உண்மையான பயன்பாடு இருக்க வேண்டும்.

ஈ. என்கிராம் வியூவரில் வரைபடம் பாருங்கள், ஆனால் கண்மூடி நம்பாதீர்கள். குறைந்தது 40 நூல்களில் வந்தால்தான் அதில் கோடு விழும், ஆகவே வெறுமையான வரைபடம் சொல் இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல. 1800க்கு முன் அச்சான நூல்களில் ‘எஸ்’ எழுத்தின் நீண்ட வடிவம் ‘எஃப்’ போலவே இருக்கும், கணினி அதைத் தவறாகப் படித்திருக்கலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்கும் பெட்டியையும் தேர்ந்தெடுங்கள்.

இந்தச் சோதனையில் என்ன தெரியவரும் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டு. குளிர்கால வெயிலின் கதகதப்பைக் குறிக்கும் அப்ரிசிட்டி, 1623இல் ஹென்றி காக்கரம் தொகுத்த அகராதியில் தோன்றுகிறது. அவரே உண்டாக்கியிருக்கலாம். அதற்குப் பிறகு நீண்ட காலம் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை, இன்று பட்டியல்களின் தயவில் உலவுகிறது. வழியில் போகும் ஒவ்வொருவருக்கும் நம்முடையதைப் போலவே சிக்கலான வாழ்க்கை உண்டு என்ற உணர்வைச் சொல்லும் சாண்டர், 2012இல் ஒருவர் உண்டாக்கிய புதுச்சொல். பழங்காலச் சொல் என்று நினைத்து வரலாற்று நாவலில் போட்டால் தவறாகிவிடும். மழையில் எழும் மண்வாசனைக்கான பெட்ரிகோரும் புதிதுதான், 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் நேச்சர் இதழில் முன்வைத்தது. ஆனால் அது அறிவியலிலும் பேச்சிலும் வேரூன்றிவிட்டது, தாராளமாகப் பயன்படுத்தலாம். மூன்றும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வரும். மதிப்போ ஒன்றல்ல.

‘ஃபோபியா’ என்று முடியும் நீண்ட சொற்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. பல, பட்டியலை நிரப்புவதற்காகவே கட்டியவை. 45 எழுத்து கொண்ட நுரையீரல் நோய்ப் பெயரும், ஆங்கிலத்தின் மிக நீளமான சொல்லாகக் காட்டுவதற்காக 1935இல் புதிர்ப் பிரியர் ஒருவர் உண்டாக்கியதுதான்.

7. வேரைப் பிரியுங்கள், ஆனால் ஒலியை நம்பிப் பிரிக்காதீர்கள்

சோம்னாம்புலிசம் என்பதை லத்தீன் சோம்னஸ், அம்புலாரே என்று பிரித்தால் தூக்கம், நடத்தல் என்று பொருள் தானே விழும். பிறகு இன்சோம்னியா, சோம்னலன்ட், ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும். ஒரு வேரோடு நான்கைந்து சொற்களைச் சேர்த்துக் கற்பது தனித்தனியாகக் கற்பதைவிட எளிது.

ஆபத்து எங்கே என்றால், ஒரே மாதிரி ஒலிக்கும் வேர்கள். ஆசிரியரைக் குறிக்கும் பெடகாக் என்பதில் உள்ள ‘பெட்’ கிரேக்கத்தில் குழந்தை. பெடஸ்ட்ரியனில் உள்ளது லத்தீனில் பாதம். மனிதரை வெறுப்பவரைக் குறிக்கும் மிசாந்த்ரோப்பில் உள்ள ‘மிஸ்’ கிரேக்கத்தில் வெறுப்பு, மிஸ்டேக்கில் உள்ளதற்கும் அதற்கும் உறவே இல்லை. ஆன்டிடிலூவியன் என்பதன் முன்னொட்டு ‘எதிர்’ அல்ல, ‘முன்’. பெருவெள்ளத்துக்கு முந்தையது, அதாவது மிகப் பழமையானது. எட்டிமான்லைனில் பார்க்காமல் வேரைச் சொந்தமாகக் கற்பனை செய்யாதீர்கள்.

8. உச்சரிப்பைக் காதால் உறுதி செய்யுங்கள்

படித்தே கற்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் வண்டி கவிழும். எபிட்டோம் என்று படிப்பது எபிட்டமி. ஹைப்பர்போல் இல்லை, ஹைப்பர்பலி. கடல் நாவல்களில் வரும் போட்ஸ்வெயின் போசன் ஆகிறது, ஃபோர்காசில் ஃபோக்சல் ஆகிறது, உணவுப்பொருள்களைக் குறிக்கும் விக்சுவல்ஸ் விட்டில்ஸ் ஆகிறது.

அகராதியின் ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டு, அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று அடிக்கோடிடுங்கள். தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைப்பது உதவும், ஆனால் ‘ப’, ‘க’, ‘ட’ மூன்றும் வல்லொலி, மெல்லொலி இரண்டுக்கும் நிற்பதால் அது மட்டும் போதாது. சர்வதேச ஒலிப்பு எழுத்துகளையும் பக்கத்தில் எழுதுங்கள். அவற்றை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிப்பு வேறுபட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

9. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை

முன்பக்கத்தில் சொல் வந்த வாக்கியம், சொல்லுக்கு அடிக்கோடு. வெறும் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். பின்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று:

சொல்: கிரெபஸ்குலர். அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு எழுதவும்.
வகை: உரிச்சொல்.
ஒலிப்பு: கிரி-பஸ்-கியூ-லர், அழுத்தம் இரண்டாம் அசையில்.
பொருள்: அந்தி அல்லது விடிகாலை மங்கல் ஒளி சார்ந்தது. விலங்கியலில், அந்த வேளைகளில் நடமாடும் விலங்கு. முயல் இதற்கு எடுத்துக்காட்டு.
வேர்: லத்தீன் கிரெபுஸ்குலம், அந்தி.
நிலை: விலங்கியலில் உயிருள்ள சொல், பொது எழுத்தில் இலக்கிய வாடை.
உடன் வருவது: ‘ரேஸ்’. மேக இடுக்கில் விசிறிபோல் இறங்கும் கதிர்கள்.
குழப்பம்: நாக்டர்னல் அல்ல. அது இரவில் நடமாடுவது.

‘உடன் வருவது’, ‘குழப்பம்’ என்ற இரண்டு வரிகளை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சொல்லைத் தப்பான இடத்தில் பயன்படுத்தாமல் காப்பவை அவைதான். தமிழ்ப் பொருளை ஒற்றைச் சொல்லில் முடிக்கவும் அவசரப்படாதீர்கள், ஒரு சொற்றொடராக எழுதினால் எல்லை தெளிவாகத் தெரியும்.

10. எத்தனை சொல், எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நாளுக்கு ஒரு புதிய சொல். ஆன்கியில் தானாகவே 20 என்று வைக்கப்பட்டிருக்கும், முதல் நாளே அமைப்புகளில் குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் இரண்டு வாரத்தில் திருப்பிப் பார்க்க வேண்டிய அட்டைகள் மலைபோல் சேரும், பெரும்பாலோர் கைவிடுவது அங்கேதான்.

அட்டைப் பெட்டியில் செய்வதானால் ஐந்து அறைகள்: 1 நாள், 3 நாள், 7 நாள், 16 நாள், 35 நாள். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு நகர்த்துங்கள், தவறினால் முதல் அறைக்கே. 20 நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் பழைய அட்டைகளுக்கு, மீதி புதிய சொல்லுக்கு. நேரம் குறைவான நாளில் புதியதை விடுங்கள், பழையதை விடாதீர்கள். ஐந்தாம் அறையிலும் இரண்டு முறை தவறும் அட்டையில் பெரும்பாலும் வாக்கியம்தான் சரியில்லாமல் இருக்கும். வேறு நல்ல வாக்கியம் தேடி மாற்றுங்கள், அப்போதும் நிற்காவிட்டால் எடுத்துவிடுங்கள்.

11. எழுத்தில் பயன்படுத்தும்போது

ஒரு பக்கத்துக்கு ஓர் அரிய சொல் போதும், அதுவும் சுற்றியுள்ள வாக்கியமே பொருளைக் காட்டிக்கொடுக்கும்படி அமைய வேண்டும். விண்ணப்பம், புகார்க் கடிதம், மருத்துவருக்கு எழுதும் குறிப்பு ஆகியவற்றில் ஒன்றுகூட வேண்டாம். அனுப்புவதற்கு முன் அதே சொல்லைக் கூகுள் புக்ஸில் கடைசி 20 ஆண்டு என்று காலத்தைச் சுருக்கித் தேடிப் பாருங்கள். யாரும் எழுதியிருக்காவிட்டால் அந்த இடத்தில் எளிய சொல்லையே போடுங்கள்.